அழையா விருந்தாளியாக வரும் விளம்பரம்

பெரும்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த மாணவி ஒருத்தி உதவித்தொகை விண்ணப்பத்தைக் கணிப்பொறியில் நிரப்பிக் கொண்டிருந்தாள். திடீரெனத் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு: "உங்கள் கணிப்பொறியில் வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்!" மூடினாள்; மீண்டும் வந்தது. பயந்துபோன அவள் தந்தை தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். அழைத்திருந்தால், மறுமுனையில் இருப்பவர் சரிசெய்யக் கட்டணமும் வங்கி விவரமும் கேட்டிருப்பார். நல்ல வேளை, அதற்குள் என்னைக் கூப்பிட்டார்கள்.

மாணவர்களே, நாம் கேளாமலே விளம்பரம் காட்டும் நிரலுக்கு 'ஆட்வேர்' என்று பெயர். இதைப் பரப்புவோருக்கு விளம்பரங்களால் வருமானம் கிடைக்கிறது. பெரும்பாலும் இது இலவச நிரல்களின் முதுகில் ஏறி வருகிறது. நிறுவும்போது படிக்காமலே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்துகிறோம் அல்லவா? அப்போது நாமே கதவைத் திறந்து விடுகிறோம்.

இது வெறும் தொல்லை மட்டுமன்று. 2017 ஜூனில் செக்பாயிண்ட் நிறுவனம் 'ஃபயர்பால்' என்னும் ஆட்வேரைப் பற்றி அறிவித்தது. அது உலாவியின் முகப்பையும் தேடுபொறியையும் மாற்றியது. வேறு எந்த நிரலையும் கணிப்பொறிக்குள் இறக்கும் ஆற்றலும் அதற்கு இருந்தது. உலகில் 25 கோடி, இந்தியாவில் மட்டும் சுமார் 2.5 கோடி கணிப்பொறிகளில் அது புகுந்ததாக அந்நிறுவனம் மதிப்பிட்டது. மைக்ரோசாஃப்ட் இந்த எண்ணிக்கை மிகை என்றது. ஆனால் ஆபத்து உண்மை என்பதை ஒப்புக்கொண்டது.

எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆய்வுக்கூட முறையையே இங்கும் கையாளலாம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஒரே தளத்தில் மட்டும் விளம்பரம் வந்தால், அது அந்தத் தளத்தின் வேலை. எல்லாத் தளங்களிலும் வந்தால், வேறோர் உலாவியைத் திறந்து பாருங்கள். அதில் வரவில்லையெனில் கோளாறு முதல் உலாவியில் உள்ளது. இரண்டிலும் வந்தால், கணிப்பொறியிலேயே ஒரு நிரல் குடியேறியிருக்கக்கூடும்.

அந்த மாணவியின் கணிப்பொறியில் ஓர் உலாவியில் மட்டுமே தொல்லை இருந்தது. அதில் அவள் அறியாத ஒரு நீட்சி இருந்தது. நீக்கினோம். கணிப்பொறியை மறுபடி இயக்கியதும் நீட்சி திரும்பி வந்தது! அப்படியானால் அதை அனுப்பும் நிரல் வேறெங்கோ இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

நீக்கும் வழி

1. முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள்.
2. விண்டோஸ் செட்டிங்ஸில் நிரல் பட்டியலை நிறுவிய தேதி வரிசையில் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்த, நீங்கள் அறியாத நிரலை நீக்குங்கள்.
3. உலாவியில் அறியாத நீட்சிகளை அகற்றுங்கள்.
4. அறிவிப்பு அனுப்பத் தளங்களுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். மூலையில் முளைக்கும் பல எச்சரிக்கைகளுக்கு இதுவே காரணம்.
5. முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழையபடி அமையுங்கள்.
6. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரால் முழுச் சோதனை செய்து, கணிப்பொறியை மறுபடி இயக்கிப் பாருங்கள்.

இந்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கும். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நீர்நிலைகளில் ஆகாயத்தாமரையைக் கண்டிருப்பீர்கள். இலையை மட்டும் கிள்ளினால் அது மறுபடி தழைக்கும். விளம்பரச் சாளரத்தை மூடுவதும் இலையைக் கிள்ளுவதே. மாணவியின் கணிப்பொறியில் வேராக இருந்தது, ஒரு வாரம் முன்பு இறக்கிய இலவசக் கோப்பு மாற்றி. அதை நீக்கியதும் தொல்லை நின்றது. விண்ணப்பமும் அன்றிரவே போய்ச் சேர்ந்தது.

உங்கள் வீட்டுக் கணிப்பொறியின் நிரல் பட்டியலை இன்றே பாருங்கள். அவற்றுள் எத்தனை நீங்கள் அழைத்து வந்தவை?