சிறு யந்திரப் படகைச் செலுத்துதலும் கட்டி இழுத்துக் கரை சேர்த்தலும்

(மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

நாஞ்சில் நாடு என்றவுடன் நெல் வயல்களும் குளங்களுமே பலருடைய நினைவிற்கு வரும். ஆயினும் கன்னியாகுமரி ஜில்லாவில், கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடலையே வயலாகக் கொண்டு ஜீவிக்கின்றன. அக்குடும்பங்களின் ஏரும் மாடும் படகேயாம். வயலில் ஏர் முறிந்தால் உழவன் வீட்டிற்கு நடந்து வரலாம். கடலில் யந்திரம் நின்றுபோனால் நடந்து வர வழியில்லை. ஆகையால் படகைச் செலுத்தும் முறையோடு, நின்றுபோன படகை இழுத்து வரும் முறையையும் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் கற்றிருத்தல் அவசியமாகும்.

கட்டுமரமும் அறைப் படகும்

முன்னோர் கையாண்ட கட்டுமரம் திண்ணிய மரங்களைப் பிணைத்துச் செய்தது. அலை மேலேறினாலும் தண்ணீர் தானே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது, நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். 1980களில் முட்டத்திலும் பிற ஊர்களிலும் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவின. பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும், முன்புறத்தில் சிறு அறை அமைந்த படகுகளும் வழக்கத்திற்கு வந்தன. இவற்றால் வேகமும் சௌகரியமும் கிடைத்தன. ஆனால் இவை உட்குழிந்தவை. உள்ளே புகுந்த நீர் தானாக வெளியேறாது. அறையின் உயர்ந்த சுவர் பாய் போலக் காற்றைப் பிடிக்கும். எனவே கட்டுமரத்தில் பொறுக்கப்பட்ட பிழை அறைப் படகில் பொறுக்கப்படுவதில்லை.

பாரத்தை வைக்கும் முறை இங்கு முதற் பாடமாகும். எண்ணெய்க் கலம், பனிக்கட்டிப் பெட்டி, வலை, நங்கூரம் ஆகியவற்றைத் தாழ்வாகவும் நடுப்பகுதியிலும் வைத்தல் வேண்டும். அறையின் கூரைமேல் வலையைக் குவிப்பது தலைப்பாரமாகிப் படகைக் கவிழ்க்கும். அணியத்தில் பாரம் மிகுந்தால் அலையில் மூக்கைக் குத்தும். பின்புறத்தில் மிகுந்தால் பின்வரும் அலை உள்ளே புகும்.

திருப்புதலும் நிறுத்துதலும்

மாட்டு வண்டி திரும்பும்போது மாடுகள் செல்லும் வழியே சக்கரங்கள் தொடரும். படகின் இயல்பு இதற்கு மாறானது. அணியம் வலப்புறம் திரும்பும்போது பின்புறம் இடப்புறமாக ஒதுங்கும். துறையை ஒட்டி நிற்கும் படகை எடுத்த எடுப்பில் வெளிப்புறமாகத் திருப்பினால் அதன் பின்புறம் துறைச் சுவரில் மோதும். முதலில் படகைச் சிறிது தள்ளி, இடம் உண்டாக்கிக்கொண்டு, பின்னரே திருப்புதல் முறையாகும்.

படகிற்குத் தடைக்கட்டை இல்லை. யந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றுவதே அதனை நிறுத்தும் உபாயம். அப்போதும் அது நேராக நிற்பதில்லை. முன்செல்கையில் வலஞ்சுழியாகச் சுழலும் விசிறியுள்ள படகு, பின்னோக்கிச் சுழற்றும்போது பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கும். தம் படகின் பழக்கம் எத்தகையதென்று அமைதியான நாளில் சோதித்து அறிந்து வைத்திருப்பவரே நெருக்கடியில் தடுமாறாதிருப்பர். துறையை அணுகும்போது காற்று, நீவாடு எனப்படும் நீரோட்டம் ஆகிய இரண்டில் எது வலியதோ அதனை எதிர்த்து மெல்ல அணுகுதல் வேண்டும். எதிர்விசையே அப்பொழுது தடையாக உதவும்.

புறப்படாதிருப்பதும் படகுத் தொழிலின் ஒரு பகுதியேயாம். கன்னியாகுமரியில் 1970-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விவேகானந்தர் நினைவு மண்டபத்திற்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகுகளை நடத்தி வருகிறது. கரையினின்று கூப்பிடு தூரத்தில் இருப்பது போல் தோன்றும் அப்பாறைக்குங்கூட, கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு விடப்படுவதில்லை. பெரிய படகிற்கே இவ்விதியெனில் சிறு படகிற்குச் சொல்ல வேண்டுவதில்லை.

யந்திரம் நின்றபோது முதற் கடமை

யந்திரம் நின்ற படகு காற்றின் போக்கிலும் நீவாட்டின் போக்கிலும் ஒதுங்கும். ஆழம் எட்டுமாயின் உடனே நங்கூரம் இடுதல் வேண்டும். பாறைக்கும் அலை மடியும் இடத்திற்கும் போகாமல் படகைத் தடுப்பது அதுவே. நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை விடப்பட வேண்டும்; 10 மீட்டர் ஆழத்தில் 50 மீட்டருக்குக் குறைந்தால் நங்கூரம் நிலத்தைப் பற்றாமல் உழுதுகொண்டு வரும். பின்னர், கவச உடுப்பை அனைவரும் அணிந்துகொண்டு, நீரில் தொங்கும் வலையையும் கயிற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். உதவிக்கு வரும் படகின் விசிறியில் அவை சிக்கினால் நிற்கும் படகுகள் இரண்டாகிவிடும்.

கம்பியில்லாத் தந்திக் கருவி உள்ளோர் அபாய அழைப்பிற்குரிய 16-ஆம் அலைவரிசையில் அறிவிக்கலாம். இந்தியக் கடலோரக் காவற்படையின் அவசரத் தொலைபேசி எண் 1554. தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இவ்விரு எண்களும் அறையின் சுவரில் வண்ணத்தால் எழுதப்பட்டிருத்தல் நலம்.

இழுகயிறும் அதனைக் கட்டுமிடமும்

இழுப்பதற்குரிய கயிறு பழைய வலைக்கயிறாக இருத்தலாகாது. நைலான் கயிறு நீண்டு கொடுக்கும் தன்மையுடையது; அலையின் வெட்டிழுப்பை அது தாங்கிக்கொள்ளும். மிதக்கும் பாலிப்ரோப்பிலீன் கயிறு விசிறியில் சிக்குவது குறைவேயாயினும், நைலான் அளவிற்கு நீண்டு கொடுப்பதில்லை. வெயிலிலும் விரைவில் நைந்துபோகும். நைந்த கயிறு இழுவிசையில் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வந்து கையையும் கண்ணையும் சிதைக்கும். ஆகையால் இறுகிய கயிற்றின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்றலாகாது.

இழுபடும் படகில், அணியத்தின் அடியில் உறுதியாகப் பொருத்தப்பட்டுள்ள வளையத்திலோ, படகின் உடலோடு பிணைந்த குறுக்குச் சட்டத்திலோ கயிற்றைக் கட்ட வேண்டும். அறையின் கைப்பிடிக் கம்பியும் பலகையில் ஆணியால் மட்டும் நிற்கும் முளையும் முதல் இழுப்பிலேயே பிடுங்கிக்கொண்டு போகும். இழுக்கும் படகில் பின்புறத்தின் இரு பக்கங்களிலிருந்தும் இரு கயிறுகளைக் கவைபோல் கொணர்ந்து நடுவில் இணைத்து, அவ்விணைப்பில் இழுகயிற்றைப் பூட்டுதல் நன்று. இதனால் இழுவிசை நடுக்கோட்டில் நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் கட்டினால், இழுபடும் படகு பக்கவாட்டில் விலகும்போது இழுக்கும் படகே சாய்ந்து கவிழக்கூடும். எம்முடிச்சாயினும் பாரத்தின்கீழும் அவிழ்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஒரு கூரிய வெட்டுக்கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருத்தலும் அவசியம்.

இழுக்கும் முறை

உதவிக்கு வரும் படகு, காற்றை எதிர்த்து மெல்ல வந்து, நிற்கும் படகின் அணியத்திற்கு முன்பாகச் சிறிது தூரத்தில் கடந்து செல்லும்போது, நுனியில் சிறு பாரம் கட்டிய மெல்லிய கயிற்றை வீச வேண்டும். அதனைப் பற்றி இழுத்தால் பருத்த இழுகயிறு பின்தொடரும். கையால் பிடித்துக்கொள்ளும் நோக்கத்துடன் இரு படகுகளையும் அலையில் நெருங்கவிடுவது விரல்களை இழப்பதற்கு வழியாகும்.

கயிறு இறுகும் வரை மிக மெதுவாகச் சென்று, பின்னர் சிறிது சிறிதாக விசையைக் கூட்டுதல் வேண்டும். கயிற்றின் நீளத்தை அலையைக் கண்டு தீர்மானிக்க வேண்டும். இரு படகுகளும் ஒரே சமயத்தில் அலையின் முகட்டிலும், ஒரே சமயத்தில் பள்ளத்திலும் இருக்குமாறு நீளம் அமைந்தால் இழுப்பு சீராயிருக்கும். ஒன்று ஏறுகையில் மற்றொன்று இறங்குமாயின் கயிறு தளர்ந்து தளர்ந்து வெட்டியிழுக்கும்.

இழுபடும் படகில் உள்ளோர் பின்புறம் ஒதுங்கி அமர வேண்டும். அணியம் உயர்ந்து படகு நேராகத் தொடரும். சுக்கானைப் பிடித்திருப்பவர் முன்செல்லும் படகின் நடுப்பின்புறத்தையே குறியாகக் கொண்டு செலுத்த வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. நீரைப் பிளந்து செல்லும் படகின் இயல்பான உச்ச வேகம், நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் அளந்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கக் கிடைக்கும் கடல் மைல் ஆகும். 25 அடிப் படகிற்கு வர்க்கமூலம் 5. ஆகவே மணிக்கு 6.7 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இதற்கு மேல் இழுத்தால் பின்புறம் அமிழ்ந்து நீர் புகும். அன்றியும், வேகம் இரட்டித்தால் கயிற்றின் பாரம் நான்கு மடங்கிற்குக் குறையாது. ஆகவே மணிக்கு 3 அல்லது 4 கடல் மைலே போதுமானது.

இரவில் இழுபடும் படகும் தன் பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் ஏற்றியிருக்க வேண்டும். இழுப்பதற்கென்றே அமையாத படகாயின், இடையில் கயிறு உண்டென்பதைப் பிறர் அறியும்படி அக்கயிற்றின்மீது ஒளி பாய்ச்சுதல் 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளுக்கு ஒத்ததாகும்.

கரை அணுகுதல்

பெரும்பாலான விபத்துக்கள் ஆழ்கடலில் அன்று, கரையருகில் நேர்கின்றன. அலை மடியும் இடத்திற்குள் படகை இழுத்துச் செல்லலாகாது. பின்வரும் அலை இழுபடும் படகைத் தூக்கி முன்படகின்மேல் எறியும். கயிறு தளர்ந்து விசிறியில் சுற்றும். திறந்த மணற்கரையுள்ள ஊராயின், அலைக்கு வெளியே நங்கூரமிட்டு ஆட்களை மாற்றிக்கொள்வதோ, துறைமுகத்திற்குச் செல்வதோதான் தக்கது.

சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய இடங்களில் எது பொருத்தமென்பதைக் காற்றே தீர்மானிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில், குமரிமுனைக்குக் கிழக்கே உள்ள சின்னமுட்டம் ஓரளவு மறைவாயிருக்கும். குழித்துறையாறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்தின் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை எழும்புவதால் பல உயிர்கள் பலியாகியுள்ளன. எனவே அண்மையான துறை எல்லாச் சமயத்திலும் நல்ல துறையாகாது.

துறைமுகத்திற்குள் வந்தபின் கயிற்றைக் குறுக்கி, இழுபடும் படகை விலாவோடு விலாவாகக் கட்டிக்கொள்ளலாம். அப்போது இழுக்கும் படகின் பின்புறம் மற்றதன் பின்புறத்திற்கும் சற்றுப் பின்னே நிற்க வேண்டும். இல்லையேல் சுக்கான் கேளாது. இடையில் பழைய டயர்களைத் தொங்கவிட்டால் உராய்வு தடைப்படும்.

உயிர் முதலில்

இழுகயிறு மூன்று முறை அறுந்துவிட்டது, இருள் சூழ்கிறது, காற்றும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்க. படகு கடனில் வாங்கியது. தவணை இன்னும் தீரவில்லை. அதனை விட்டுவர மனம் ஒவ்வாதிருத்தல் இயல்பே. ஆயினும் இத்தருணத்தில் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வருவதே சரியான முடிவு. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வீசியபின், இக்கரையின் பல வீடுகளில் காத்திருந்தோர் கேட்டது படகைப்பற்றி அன்று. படகிற்கு மறுகடன் உண்டு. தகப்பனுக்கு மறுகடன் இல்லை.

சங்கம் செய்யத்தக்கது

கடலில் தத்தளிப்பவரைக் கண்டு உதவாது செல்வது மீனவர் மரபன்று. ஆயினும், ஒரு நாள் இழுப்பிற்குச் செலவாகும் எண்ணெயும், இழந்த மீன்பாடும் ஏழை மீனவனுக்குப் பெருஞ் சுமையே. அச்சுமை ஒருவர் தலையிலேயே விழுமாயின், மரபும் நாளடைவில் தளரும். கூட்டுறவு பயன்படுமிடம் இதுவே. ஒவ்வொரு படகினின்றும் சிறுதொகை பெற்றுப் பொது நிதி ஒன்று அமைத்து, இழுத்து வந்த படகின் எண்ணெய்ச் செலவை மறுநாளே கொடுக்கச் சங்கம் தீர்மானிக்கலாம். மொத்தமாக நல்ல கயிறு வாங்கி, படகிற்கு ஒன்றாகக் கொடுத்து, ஆண்டுதோறும் சோதிக்கலாம். புறப்படும் படகு, அதிலுள்ளோர் தொகை, திரும்பும் நேரம் ஆகியவற்றைக் கரையில் ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கலாம். குறித்த நேரம் கடந்தால் தேடத் தொடங்கும் பொறுப்பு யாருடையதென்பதையும் அப்பதிவேட்டிலேயே எழுதி வைத்தல் வேண்டும்.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. சங்கத்தின் படகுகளில் இழுகயிறும் வெட்டுக்கத்தியும் உள்ளவை எத்தனை?

2. ஒவ்வொரு படகிலும் இழுகயிறு கட்டத்தக்க இடம் எது? அதன் உறுதி சோதிக்கப்பட்டதா?

3. தென்மேற்குக் காற்றில் ஊர்ப்படகுகள் ஒதுங்கத்தக்க துறை எது?

4. இழுத்து வரும் படகின் செலவை ஏற்க எவ்வளவு நிதி வேண்டும்?

5. அமைதியான ஒரு நாளில், இரு படகுகளைக் கொண்டு இழுக்கும் பயிற்சியை எப்போது நடத்தலாம்?

ஐந்தாம் வினாவிற்குத் தேதி குறித்த பின்னரே கூட்டத்தை முடித்தல் நலம்.