கேஸ்கட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

தாராபுரம் பகுதியில் கிணற்றடியில் மின்மோட்டார் வந்துவிட்டாலும், அமராவதிப் பாசன வயல்களில் சேறு கலக்கும் பவர் டில்லரும் டிராக்டரும் டீசலில்தான் ஓடுகின்றன. ரேடியேட்டர் நீரில் குமிழிகள் வந்தாலோ, என்ஜின் எண்ணெய் பால்போல் வெளுத்தாலோ ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். அதை மாற்றுவது பெரிய வேலையன்று. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுக்கும் விதத்தில்தான் என்ஜினும் கெடுகிறது, சில வேளை ஆளும் கெடுகிறார்.

சில பட்டறைகளில் கை கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டி, இரண்டே நிமிடத்தில் பளபளப்பாக்கி விடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வட்டிலிருந்து உதிரும் அலுமினிய ஆக்சைடு தூள் எண்ணெய்த் துவாரங்களில் இறங்கிப் பேரிங்கை அரித்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே இத்தகைய வட்டுகளைப் பற்றித் தன் பணிமனைகளை எச்சரித்தது. அலுமினிய ஹெட்டாக இருந்தால், வட்டு ஓரிடத்தில் சற்று நின்றாலே பள்ளம் விழும். புதிய கேஸ்கட் அங்கே அடைக்காது.

பழைய என்ஜின்களின் கேஸ்கட்டுகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். காற்றடித்து ஊதவும் வேண்டாம். சோப்புநீரால் நன்கு நனைத்துச் சுரண்டுங்கள். சுரண்டியதை ஈரத்தோடு பையிலிட்டுக் கட்டிவிடுங்கள்.

என்ஜின் நன்கு ஆறிய பின்பே ஹெட்டைக் கழற்ற வேண்டும். சுரண்டுமுன் சிலிண்டர் வாய், நீர்த் துவாரம், எண்ணெய்த் துவாரம் அனைத்தையும் சுத்தமான துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணிக்கொள்வது நல்லது. வார்ப்பிரும்புப் பரப்புக்கு மழுங்கிய தகட்டுச் சுரண்டியைப் படுக்கை வாட்டில் பிடித்துத் தள்ளலாம். அலுமினியத்துக்குப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியே ஏற்றது. உளி கூடவே கூடாது. எஞ்சிய பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம். பெட்ரோல் வேண்டாம்; அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். பீடியும் அருகில் வரக்கூடாது.

பிறகு பரப்பை உலரத் துடைத்து, நேர்ச்சட்டம் வைத்து வளைவு பாருங்கள். எவ்வளவு வளைவு வரை பொறுக்கலாம் என்பது என்ஜின் கையேட்டில் இருக்கும். போல்ட் துளைகளில் நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். அடி மூடிய துளையில் திரவம் நின்றால், போல்ட்டை முடுக்கும் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம். துணிகளை எண்ணி எடுத்த பிறகு ஹெட்டை ஏற்றி, கையேடு சொல்லும் வரிசையிலும் அளவிலும் முடுக்குங்கள். ஓட்டுவதற்கு முன் பழைய எண்ணெயை வடித்து, புதிய எண்ணெய் ஊற்றி, வடிகட்டியையும் மாற்றுங்கள்.