உள்ளுறை நண்பர்

போர்க்களத்தில் உயிரைக் கவர்வன படைக்கலங்களே என்று எண்ணுதல் தவறு. பாசறையில் பரவும் நோயும் படையை மாய்க்க வல்லது. முதல் உலகப் போரின்போது, தென்கிழக்கு ஐரோப்பாவில் தங்கியிருந்த ஜெர்மானியப் படையினரிடையே கடுமையான வயிற்றுப்போக்கு நோய் பரவிற்று. வீரர் பலர் நோயுற்றுத் துவண்டனர். ஒருவன் மட்டும், அத்தோழர்களோடு ஒருங்கே உறைந்தும், அந்நோய்க்கு இரையாகாமல் நலமுடன் இருந்தான்.

அவனைக் காத்தது எது? பிரைபர்க் நகரத்து மருத்துவ அறிஞராகிய ஆல்பிரட் நிஸில் என்பார் அவனுடைய மலத்தை ஆராய்ந்து, 1917ஆம் ஆண்டில் அதிலிருந்து ஒரு வகைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது நோய்க்கிருமிகளை வளரவிடாமல் தடுக்கும் ஆற்றலுடையதாய் இருந்தது. அவ்வீரனைக் காத்த துணைவன் வெளியே இல்லை, அவன் குடலுக்குள்ளேயே குடியிருந்தது என்று நிஸில் கருதினார். அந்நுண்ணுயிர் இன்றும் அவர் பெயரால் வழங்கப்பட்டு, மருந்தாகவும் பயன்பட்டு வருகின்றது. இத்தகைய நலஞ்செய் நுண்ணுயிர்களைப் 'புரோபயாடிக்' என்று அறிவியலார் வழங்குவர்.

இவை நலம் செய்யுமாற்றை அறிய வேண்டின், முதலில் குடலின் இயல்பை அறிதல் வேண்டும். குடல் உணவைச் செரிக்கச் செய்யும் உறுப்பு மட்டுமன்று. அது பெரியதோர் அரணும் ஆகும். உடலின் காவற்படையாகிய நோயெதிர்ப்பு அணுக்களுள் பல குடலைத் தம் இருப்பிடமாகக் கொண்டுள்ளன. ஆயினும் அவ்வரணின் மதில் மிக மெல்லியது. ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆகியது. அதன்மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று போர்த்தியிருக்கும். மதிலுக்கு அப்பால் கோடானுகோடி நுண்ணுயிர்கள். இப்பால் விழித்திருக்கும் காவலர். வருவோர் அனைவரையும் பகைவர் எனக் கருதிக் காவலர் போர் தொடுப்பாராயின், உண்ணும் உணவும் பகையாகும். குடல் ஓயாது அழற்சியுற்றுப் புண்ணாகும். எவரையும் தடுக்காது விடுவாராயின், நோய்க்கிருமிகள் உட்புகுந்து உயிருக்கு ஊறு செய்யும். ஆகவே, தாக்க வேண்டியவரைத் தாக்குதலும், பொறுக்க வேண்டியவரைப் பொறுத்தலும் குடற்காவலுக்கு இன்றியமையாதன.

இவ்விரண்டையும் காவலர்க்குக் கற்பிப்பனவற்றுள் நல்ல நுண்ணுயிர்கள் தலையானவை. இதனை விளக்கும் சான்று ஒன்று உண்டு. கிருமி சிறிதும் அணுகாதவாறு தூய கூண்டுகளில் எலிகளை வளர்த்தனர் ஆராய்ச்சியாளர். நோயே அறியாத அவ்வெலிகள் மிக்க வலிமை உடையனவாய் இருத்தல் வேண்டும் என்று தோன்றும். உண்மை அதற்கு மாறாக இருந்தது. அவற்றின் குடலிலுள்ள காவல் முகாம்கள் சிறுத்துக் கிடந்தன. கிருமிகளைப் பற்றித் தடுக்கும் எதிர்ப்புப் பொருளும் குறைவாகவே சுரந்தது. நுண்ணுயிர்களைக் குடலில் குடியேற்றிய பின்னரே அவை வளம்பெற்றன. பயிற்றுவோர் இல்லாத படை, பகையில்லாத இடத்தில் இருந்தும் வலுவிழந்து போயிற்று.

நல்ல நுண்ணுயிர்கள் செய்யும் உதவி மூவகைப்படும். முதலாவது, இடத்தையும் உணவையும் தாமே கைக்கொண்டு பகைவனைப் பட்டினியிடுதல். நிஸில் கண்ட பாக்டீரியா, நோய்க்கிருமிக்கு இன்றியமையாத இரும்புச் சத்தைப் போட்டியிட்டுக் கவர்ந்து கொள்ளுகின்றது. இரண்டாவது, மதிலை வலுப்படுத்துதல். அப்பாக்டீரியாவின் இயக்க இழையை உணர்ந்தவுடன், குடற்சுவரின் உயிரணுக்கள் கிருமிகளைக் கொல்லும் ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றன. அண்டை அணுக்களுக்கு இடையேயுள்ள பிணைப்புகளும் இறுகுகின்றன. மூன்றாவது, காவலரைப் பயிற்றுதல். குடற்சுவரின் அடியில் ஒற்றர் போன்ற அணுக்கள் உள்ளன. அவை நுண்ணுயிர்களின் அடையாளங்களை ஏற்று, ஏனைய காவலணுக்களுக்கு அறிவிக்கின்றன. அதன் பயனாகச் சில அணுக்கள் எதிர்ப்புப் பொருளை ஆக்குகின்றன. வேறு சில, போர் எல்லை மீறாதவாறு அடக்குகின்றன. பகை வந்தபோது விரைந்து எழவும், பகை நீங்கியபின் அடங்கவும் அறிந்த படையே சிறந்த படை அன்றோ?

இந்நண்பரை இழந்தால் நேரும் கேடு 1954ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளுக்குச் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமியைக் கொடுத்துச் சோதித்தனர். இயல்பான எலிகளுள் பாதியைப் பற்றுவதற்கு ஏறத்தாழ 1,00,000 கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்தை ஊட்டிக் குடல்வாழ் நுண்ணுயிர்களை அழித்தபின், 10 கிருமிகளுக்கும் குறைவானவையே போதுமானவையாயின. கிருமிக்கொல்லி மருந்து உயிர்காக்கும் பெருமருந்தே; எனினும், அது பகைவரோடு நண்பரையும் வீழ்த்தும். மருத்துவர் கூறாமல் அதனை உண்ணலாகாது என்பதற்கு இஃதும் ஒரு காரணம்.

இந்நண்பரைத் துணைக்கு அழைத்தால் விளையும் பயனை ஒடிசா மாநிலத்துச் சிற்றூர்களில் நிகழ்ந்த ஓர் ஆய்வு காட்டிற்று. பிறந்த குழந்தைகளின் குருதியில் கிருமிகள் பரவி உயிரைக் கொள்ளை கொள்ளும் கொடுநோய் ஒன்று உண்டு. அதனைத் தடுக்கக் கருதி, பினாகி பாணிகிராகி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 4,556 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தனர். ஒரு பகுதியினருக்கு, தாய்ப்பால் உண்டுவந்த அப்பருவத்தில், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்னும் பாக்டீரியாவும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையும் 7 நாட்கள் அளிக்கப்பட்டன. ஏனையோருக்கு அவை இல்லாத போலி மருந்து அளிக்கப்பட்டது. முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. போலி மருந்து பெற்றோருள் 100க்கு 9 குழந்தைகள் அந்நோயுற்றோ இறந்தோ போயினர். நல்ல நுண்ணுயிர் பெற்றோருள் அத்தொகை 5.4 ஆகக் குறைந்தது. மூச்சுறுப்புகளைப் பற்றும் நோய்களும் குறைந்தன. எனவே, குடலில் பயின்ற காவல் உடலின் பிற பகுதிகளுக்கும் உதவக்கூடும் என்று கருத இடமுண்டாயிற்று.

ஆயினும், நல்ல நுண்ணுயிர் என்ற பெயர் கேட்டவுடனே அதனை எந்நோய்க்கும் மருந்தெனக் கொள்ளுதல் பேதைமை. வயிற்றுப்போக்கினால் துன்புற்ற குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் வகையைச் சேர்ந்த வேறு பாக்டீரியாக்களை அளித்து அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு பெரிய ஆய்வுகள் நடத்தப்பட்டன. அவற்றால் நோய் தணியவில்லை என்பது 2018ஆம் ஆண்டில் வெளியான முடிவு. ஓர் இனம் செய்யும் உதவியைப் பிறிதோர் இனம் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. நோய் வருமுன் காக்க உதவுவது, வந்தபின் தீர்க்க உதவும் என்பதும் துணிபன்று. நோயெதிர்ப்பாற்றல் பெரிதும் குன்றியவர்க்கு இந்நுண்ணுயிர்களே தீங்கு விளைவித்தலும் உண்டு. தயிரும் மோரும் நல்லுணவே. ஆனால், பாலைத் தயிராக்கும் கிருமிகள் யாவும் புரோபயாடிக் என்னும் பெயருக்கு உரியன ஆகா. ஆராய்ந்து பயன் கண்டவையே அப்பெயரைப் பெறும்.

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி அருவருப்பது மக்கள் இயல்பு. அவ்வெண்ணத்தைச் சிறிது திருத்திக் கொள்ளுமாறு அறிவியல் அறிவுறுத்துகின்றது. கண்ணுக்குப் புலனாகாமல், கூலி யாதும் வேண்டாமல், தான் குடியிருந்த மனையைக் காத்து நின்றது ஒரு வீரனின் குடலில் வாழ்ந்த சிற்றுயிர். பகைவனை அழிக்க விரைவோர், அவனருகே நிற்கும் நண்பனையும் அடையாளம் காணுதல் வேண்டும். குடற்காவலர் நாள்தோறும் கற்கும் பாடம் அதுவே. மக்கள் கற்க வேண்டுவதும் அதுவே.