தோழியின் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வது எப்படி?

ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதத் தகுதியுள்ளவர்கள் என்று நன்னூல் நால்வரைச் சொல்கிறது: ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர். வகுப்புத் தோழருக்கு இலக்கணமே இடம் தந்திருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு படித்தவர் என்பது மரபு. அந்நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானின் ஊர் குமரி மாவட்டத்து அதங்கோடுதான் என்பார்கள் நம் தமிழக-கேரள எல்லைப்புறத்தார்.

ஆரியங்கோட்டில் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி, நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புரம் பற்றிக் கட்டுரை எழுதி உங்களிடம் நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்ய வேண்டும்?

1. பேனாவைத் தொடாமல் முழுதும் படியுங்கள்

படித்ததும் தாளை மூடிவிட்டு மூன்று விடைகளை எழுதுங்கள்: கட்டுரை எதைச் சொல்கிறது? யாருக்காக? படிப்பவருக்கு என்ன பயன்? பாயிரம் சொல்ல வேண்டியவற்றில் நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பவை இவைதாம். உங்கள் விடையும் அவள் நினைத்ததும் ஒத்துவராவிட்டால், முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

2. அழகை இடம் காட்டிச் சொல்லுங்கள்

"நல்லா இருக்கு" என்பதால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. "நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய இரவை மூன்றே வரியில் சொல்லிவிட்டாய், அது அப்படியே இருக்கட்டும்" என்றால், எதைக் கலைக்கக் கூடாது என்று தெரியும்.

3. குற்றத்துக்குப் பெயர் சொல்லுங்கள்

"என்னவோ சரியில்லை" என்று இழுக்காதீர்கள். நன்னூல் பத்துக் குற்றங்களை வகுத்து வைத்திருக்கிறது. அவற்றில் மூன்று பள்ளிக் கட்டுரைகளில் அடிக்கடி வரும்:

• மாறுகொளக் கூறல்: சிவலிங்கம் நிறுவிய ஆண்டு முதல் பத்தியில் 1888, நான்காம் பத்தியில் 1898. சரியான ஆண்டு 1888.

• மற்றொன்று விரித்தல்: அருவிப்புரத்து நெய்யாறு என்றதும் நெய்யாறு அணைக்குப் போய் ஒரு பக்கம் ஓடிவிடுவது.

• சென்று தேய்ந்திறுதல்: சூடாகத் தொடங்கி, "இவ்வாறு பல நன்மைகள் விளைந்தன" என்று முடிப்பது.

4. எல்லை தாண்டியும் புரியுமா என்று பாருங்கள்

"குரு வெள்ளத்தில் இறங்கிக் கல்லெடுத்தார்" என்று எழுதியிருந்தால் நமக்குத் தடையில்லை; மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். மதுரைக்காரரோ ஆறு பெருக்கெடுத்து ஓடியதாக நினைப்பார். அந்த இடத்தில் "தண்ணீர்" போதும். அதற்காக மலையாள வாடை வீசும் எல்லாச் சொல்லையும் அடிக்க வேண்டாம். பொருள் மாறும் இடத்தில் மட்டும் கோடு போடுங்கள். பேச்சை அப்படியே தரும் இடத்தில் ஊர்ச்சொல் இருப்பதே அழகு.

5. கேள்வியாகக் கேளுங்கள்

வரியை நீங்களே மாற்றி எழுதினால் அது உங்கள் கட்டுரையாகிவிடும். "மக்கா, கடைசிப் பத்தியில நன்மைன்னு எதைச் சொல்லுத? 1903-ல வந்த ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தையா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலை அவளே எழுதிவிடுவாள்.

6. மூன்றோடு நிறுத்துங்கள்

தாள் முழுக்கச் சிவப்பு மை இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாது. பொருள், அடுக்குமுறை, சொல் என்ற வரிசையில் பெரிய குறைகளாக மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றுப்பிழையையும் ல, ள, ழ மயக்கத்தையும் கடைசியில் பென்சிலால் குறித்தால் போதும். நீக்கப்போகும் பத்தியில் சந்தி திருத்துவது வீண் வேலை.

7. திருத்திய படியையும் கேட்டு வாங்குங்கள்

உங்கள் கருத்தில் எதை ஏற்பது, எதை விடுவது என்பது எழுதியவள் முடிவு. விட்டதற்குக் காரணம் கேளுங்கள், கோபிக்காதீர்கள். மாறிய பத்திகளை அவளையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் வரி அவளுக்கே தெரிந்துவிடும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். அது ஆசிரியர் வேலை.