பொடியின் பருமனை அளக்கும் அரிதட்டு



இடியப்பத்துக்கு மா அரிக்கும்போது தட்டில் மிஞ்சும் கப்பியைத் திரும்ப இடிக்கிறோம். வீட்டு அரிதட்டுக்குப் பிரிப்பது மட்டுமே வேலை. ஆய்வுகூட அரிதட்டோ அளவுகோலாகவும் இருக்கிறது. மருந்து, சீமெந்து, மாவு, நிறப்பொடி செய்யும் ஆலைகளில் தொழிற்கல்வி பயிலும் எமது பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் நன்று. ஒரு தொகுதிப் பொடியை ஏற்பதா, தள்ளுவதா என்பதை இது காட்டும் எண்ணே தீர்மானிக்கக்கூடும்.

ஹம் நகருக்கு அண்மையிலுள்ள ஓல்டேயில், 1887 இல் தொடங்கப்பட்ட ஹாவர் உண்ட் போக்கர் நிறுவனம் கம்பிவலை நெய்து இத்தகைய அரிதட்டுகளைச் செய்கிறது. முன்பு டிஐஎன் 4188 என்ற ஜேர்மன் நியமம் இருந்தது. இன்று ஐஎஸ்ஓ 3310 என்ற சர்வதேச நியமம் பின்பற்றப்படுகிறது. சட்டத்தில் 63 மைக்ரோமீற்றர் என்று எழுதியிருந்தால் வலைக்கண்ணின் அகலம் 0.063 மில்லிமீற்றர். இது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு.

அளக்கும் முறை

1. வெறும் தட்டுகளைத் தனித்தனியே நிறுக்கவும்.
2. பெரிய கண் மேலேயும் சிறிய கண் கீழேயும் வர அடுக்கி, அடியில் மூடிய தட்டை வைக்கவும்.
3. நிறுத்த மாதிரியை மேல்தட்டில் இட்டுக் குலுக்கவும். அளவுக்கு மிஞ்சி இட்டால் வலை தொய்யும்.
4. ஒரு நிமிடத்தில் மாதிரியின் 0.1 வீதத்துக்கும் குறைவாகவே கீழே இறங்கினால் அரிப்பு முடிந்தது எனக் கொள்ளலாம்.
5. ஒவ்வொரு தட்டையும் பொடியுடன் திரும்ப நிறுத்துக் கூட்டவும். இழப்பு 1 வீதத்தைத் தாண்டினால் சோதனையைத் திரும்பச் செய்க.

பராமரிப்பு

கண்கள் அடைபட்டால், இறங்கவேண்டிய பொடி மேலே தங்கி, பொடி உள்ளதைவிடப் பருமனாகத் தோன்றும். கம்பி விலகினால் பருமணிகளும் இறங்கி, பொடி உள்ளதைவிட நுண்மையாகத் தோன்றும். இரண்டும் பிழையே. ஆனால் தராசு வழமைபோல எண்ணைக் காட்டும், யாருக்கும் ஐயம் வராது.

ஆகவே சிக்கிய மணிகளை ஊசியாலோ விரலாலோ குத்தக்கூடாது. தட்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினால் பெரும்பாலானவை விழும். 500 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட கண்களுக்கு மென்மையான தூரிகை போதும். அதற்கும் நுண்ணிய வலைகளை மிதமான சவர்க்கார நீரில், மீயொலித் தொட்டியில் கழுவுதல் நன்று. உலர்த்தும்போது 80 பாகை செல்சியசைத் தாண்டவேண்டாம். கூடிய வெப்பத்தில் நுண்வலை நெளியும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கிழிசல் உண்டா என்று பார்க்கவும். மிக நுண்ணிய விலகல் கண்ணுக்குத் தெரியாது. எனவே குறித்த காலத்துக்கு ஒருமுறை, அளவு தெரிந்த கண்ணாடி மணிகளாலோ நுணுக்குக்காட்டியாலோ சரிபார்க்க வேண்டும். கிழிந்த வலையை ஒட்டிப் பாவிக்காது மாற்றிவிட வேண்டும்.

பயிற்சி: 80 கிராம் மாதிரியை அரித்தோம். மூன்று தட்டுகளில் 10, 32, 24 கிராமும் அடித்தட்டில் 12 கிராமும் கிடைத்தன. இதை ஏற்கலாமா?

விடை: மொத்தம் 78 கிராம். இழப்பு 2 கிராம், அதாவது 2.5 வீதம். ஏற்கக்கூடாது.