மெமரி ஃபுல்லாம், எது ஃபுல்?

அன்புள்ள தம்பி,

வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமையாய் ஊர்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்ப் படங்களை எல்லாம் அழித்துவிட்டாயாமே! அழித்த பிறகும் ஊர்கிறதாம்.

குற்றம் உன்மேல் இல்லை, ஒரு சொல்மேல். போனில் படம் வைக்க இடம் தீர்ந்தால் ஊரே அதை “மெமரி ஃபுல்” என்கிறது. மெமரி கார்டு என்று பெயர் வாங்கியதும் உண்மையில் ஸ்டோரேஜ்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் மெமரி என்றால் ரேமைச் சொல்கிறார்.

கான்சாபுரத்தில் நெல் போடும் எவருக்கும் இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். நெல் சேமிக்கும் குலுக்கை வேறு, களம் வேறு. ஹார்ட் டிஸ்க் குலுக்கை. கரண்ட் போனாலும் உள்ளே இருப்பது இருக்கும். ரேம் களம், வேலை நடக்கும்வரைதான் அதில் நெல் பரப்பியிருக்கும். களம் சிறியதென்றால் மூட்டையைக் குலுக்கைக்கும் களத்துக்கும் சுமப்பதிலேயே பொழுது போய்விடும். ரேம் போதாத கம்ப்யூட்டரும் டிஸ்க்கோடு அப்படித்தான் மல்லுக்கட்டுகிறது. குலுக்கையில் நாலு மூட்டையைக் குறைத்தால் களம் அகலமாகுமா?

கரண்ட் போனதும் ரேம் மறந்துவிடுவதற்குக் காரணம் உண்டு. ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரின் மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போல் கசியும். அதனால் பொதுவாக 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை நிரப்பியாக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கோ காந்தத்தில் எழுதுவது. 1956-இல் வந்த ஐபிஎம்மின் முதல் டிஸ்க்கில் 50 தட்டுகள். கொண்டது 50 லட்சம் எழுத்துகள். இன்றைய மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. ஆனாலும் தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து சேர வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. பழைய கம்ப்யூட்டர் அதை மாட்டியதும் சுறுசுறுப்பாவது அதனால்தான்.

காசு செலவழிக்கும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ரேம் கூட்ட வேண்டும். மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் 100-லேயே நின்றால் டிஸ்க்கைக் கவனி. சி டிரைவ் விளிம்புவரை நிரம்பியிருந்தால் மட்டும் கோப்புகளை அழிப்பதில் பலன் உண்டு.

ரேம் வாங்குமுன் பழைய துண்டின் லேபிளைப் பார்: டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

திரை எழாமல் பீப் ஒலி மட்டும் வந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டிப் பார். டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் வேறு சோதனை வேண்டாம். வேண்டியதை முதலில் பென் டிரைவுக்கு மாற்று.

தேர்ப் படங்களுக்கு வருவோம். ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார். அங்கே இல்லையென்றாலும், ஹார்ட் டிஸ்க்கில் அழிவது முதலில் முகவரிதான். அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை படம் அங்கேயே கிடக்கும். ஆகவே அதில் இனி எதையும் இறக்காமல் அணைத்து வை. விஷயம் தெரிந்தவர் அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டித் தேடட்டும்.

அன்புடன்,
அண்ணன்