முதலில் மருந்தைக் கேள்

அன்புள்ள பெறாமகளுக்கு,

ஜோன் அபொட் கல்லூரியில் பல் சுகாதாரம் படிக்கப்போகிறாய் என்று அம்மா சொன்னா. நல்ல தெரிவு. மனநோயோடு வாழ்பவர்களின் வாயைப் பற்றி உனக்கு இப்போதே எழுத ஆசைப்படுகிறேன்.

மொன்றியலின் வெர்டனில் இருக்கும் டக்ளஸ் மனநல மருத்துவமனை உனக்குத் தெரியும். அங்கேதான் 1953இல் டொக்டர் ஹைன்ஸ் லேமன் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வட அமெரிக்காவில் அதை முதன்முதல் பயன்படுத்தியவர்களில் அவர் ஒருவர். வருடக்கணக்காகப் பூட்டிய வார்டுகளில் கிடந்த பலர் வீடு திரும்ப அந்த மருந்து வழி திறந்தது. ஆனால் அதுவும் பின்னால் வந்த பல மருந்துகளும் வாயைக் காயவைக்கும்.

எச்சில்தான் பல்லைக் கரைக்கும் அமிலத்தைத் தணிக்கிறது, கரைந்த கல்சியத்தைப் பல்லுக்கே திருப்பிக் கொடுக்கிறது. அது வற்றினால் முரசோரத்தில் சூத்தை விழும். தாகத்துக்குக் கோலாவும் சீனித் தேத்தண்ணியும் குடித்தால் இன்னும் மோசம். நோய் அழுத்தும் நாளில் எழுந்து பல் தீட்டுவதே பெரும்பாடு. ஆய்வாளர் ஸ்டீவ் கிஸ்லி குழுவினர் 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கடும் மனநோய் உள்ளவர்கள் பற்களை முழுவதும் இழக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.8 மடங்காக இருந்தது.

ஆகவே "ஏன் பல் தீட்டுறேல்லை?" என்று ஒருவரையும் கேட்காதே. "என்ன மருந்து எடுக்கிறீங்கள், வாய் காயுதா?" என்று கேள். சிறு கண்ணாடியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து மெல்ல இழு. ஒட்டிக்கொண்டால் எச்சில் போதாது. குளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவருக்கோ எச்சில் வழியும். மருந்தை நிறுத்தச் சொல்லாதே, அவருடைய மருத்துவருக்குத் தெரியப்படுத்து. மொன்றியலின் பெரும்பகுதிக்கு வரும் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைட் சேர்ப்பதில்லை, அதனால் ஃபுளோரைட் பற்பசை கட்டாயம். தீட்டியபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்.

சாய்த்துப் படுக்கவைத்து முகத்துக்கு மேலே குனிந்தால் சிலர் நடுங்கிப்போவார்கள். நாற்காலியை நிமிர்த்தியே வை. கையை உயர்த்தினால் நிறுத்துவேன் என்று சொல், சொன்னபடி நிறுத்து. பல் வலிக்கிறது என்று நோயாளி சொல்வதை நோயின் பேச்சென்று தள்ளிவிடுவதைப் போல என்னைக் கோபப்படுத்துவது வேறில்லை. உடனே பல் மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டு.

பலர் காசுக்குப் பயந்தே வருவதில்லை. சமூக உதவிப் பணம் பெறுபவர்களுக்குக் கியூபெக் காப்புறுதி சில சிகிச்சைகளை ஏற்கிறது. கனடியப் பல் பராமரிப்புத் திட்டமும் 2025 முதல், வருமான வரம்புக்கு உட்பட்டு, 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கும் திறந்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து மலைத்துப்போய் விட்டுவிடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடு.

அன்புடன்,
பெரியம்மா